வீட்டை எடுக்க வந்தவர்கள்

1

பாரிஸுக்கு வெளியே, ரயில் கடைசியாக நிற்கிற ஊருக்குச் சற்று முன்னால் எங்கள் அடுக்குமாடி இருக்கிறது. இந்தக் கோடையில் இங்கே வெயில் புதுச்சேரி வெயில் மாதிரியே அடித்தது. இங்குள்ள கட்டடங்கள் குளிருக்கென்று பிறந்தவை. வெயில் வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொறுக்க முடியாமல் பால்கனியில் ஒரு பச்சை வலை கட்டினேன். நம் ஊரில் நாற்றுப்பண்ணைக்கும் கார் நிறுத்துகிற இடத்துக்கும் மேலே கட்டுவார்களே, அதே வலை.

மறுநாளே குடியிருப்பு நிர்வாகி வந்து கதவைத் தட்டினார். சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாத மனிதர்.

“மிசியே, உங்கள் வலை அழகாகத்தான் இருக்கிறது” என்று ஆரம்பித்தார். பிரெஞ்சுக்காரர் பாராட்டில் ஆரம்பித்தால் முடிவில் அபராதம் நிற்கிறது என்று அர்த்தம். “ஆனால் பாருங்கள், அது சுற்றுப்புறத்தோடு உரையாடவில்லை.”

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, அவர் எதிரிலேயே வலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். வலைக் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் ஏன் சிரித்தேன் என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. அவருக்குப் புதுச்சேரியில் இருக்கிற நெல்லித்தோப்பு தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

நான் நெல்லித்தோப்பில் பிறந்து, மாப்பிள்ளையாக ஏற்றுமதியானவன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் ஒரு பெண் பிறந்தால், எங்கள் ஊரில் அவளுக்குப் பேச்சு வராத வயதிலேயே சம்பந்தம் பேச ஆள் வரும். பெண் கறுப்பா சிவப்பா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட் என்ன கலர் என்றுதான் கேட்பார்கள். அப்படி வந்து, ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இன்று அதே பிரிவில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால் “ஆஸ்பத்திரியில பெரிய வேலை” என்பார்கள். நானும் மறுப்பதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், நிலோஃபர். அவள் மருந்துக்கடை வைக்கிற படிப்பு படிக்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் ஆசைப்பட்டோம். அவள் கட்டடக் கலைக்குப் போனாள். நாலாம் வருஷம் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் அவள் பேசுகிற பிரெஞ்சு எங்களுக்குப் புரியாமல் போய்விட்டது. ஒரு கட்டடம் தெருவைப் பார்த்து மூச்சு விட வேண்டுமாம். பக்கத்துக் கட்டடத்தின் நினைவை அது மதிக்க வேண்டுமாம். சுவரும் மரமும் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமாம்.

“நம்ம பக்கத்து வீட்டுக்காரர் பேரு என்னன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அது வேற விஷயம், பப்பா.”

சுவரும் சுவரும் பேச வேண்டும் என்பாள். சொல்லி முடித்ததும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஒருநாள் வந்து சொன்னாள்: “இந்த வருஷம் எங்க ப்ரொஜே புதுச்சேரியில. அங்க ஒரு காலேஜோட சேர்ந்து. நெல்லித்தோப்புன்னு ஒரு ஏரியா, ஒரு காலி மனை. அங்க ஒரு படிப்பகம் டிசைன் பண்ணணும். நெல்லித்தோப்பு உங்களுக்குத் தெரியுமா?”

நான் பிறந்த இடத்தை எனக்குத் தெரியுமா என்று என் மகள் கேட்டாள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொன்னபோதெல்லாம் காதில் அந்த இயர்போன் இருந்திருக்கும்.

விசா போட உட்கார்ந்தோம். படிக்கப் போகிறேன் என்று போட்டால் மாணவர் விசா, அதற்கு வேறு வரிசை. சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று போட்டால் சுலபம். இந்தியாவில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் நேர்மையாக “ஒரு காலி மனையை” என்று தட்டினாள். நான் அதை அழித்துவிட்டு என் அக்கா பெயரைப் போட்டேன். அக்காவைப் பார்த்து வெகுநாளாகிறது என்ற சாக்கில் நானும் ஒரு டிக்கெட் எடுத்தேன். நீங்க வர வேண்டாம், எனக்குத் தமிழ் தெரியும் என்றாள் நிலோஃபர். அவளுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியும். மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்ததால், ஆட்டுக்குட்டியைக்கூட “நீங்க இங்க வாங்க” என்று கூப்பிடுகிற தமிழ் அது.

3

என் அக்கா ஹசீனாவின் வீடு நெல்லித்தோப்பில் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. மச்சான் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். பக்கத்து வீடு கோவிந்தராஜுவுடையது. அவர் லாஸ்பேட்டையில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சரோஜா துணி தைப்பவர். அக்கா வீட்டு மாற்றுச் சாவி அவர்களிடம், அவர்கள் வீட்டுச் சாவி அக்காவிடம். இரண்டு வீட்டுக்கும் பின்னால்தான் அந்தக் காலி மனை. ஒரு காலத்தில் நெல் மில் இருந்த இடம், இப்போது அரசு நிலம். குப்பை, ஆடுகள், கல்யாணமானாலும் சாவானாலும் ஷாமியானா பந்தல், தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி எல்லாம் அங்கேதான்.

பாரிஸ் மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவர்களைக் கூட்டி வந்த பேராசிரியை பெயர் மரியான். வெள்ளைத் தலைமுடி, கறுப்பு உடை, ஓயாத உற்சாகம். முதல் நாளே மனையின் நடுவில் நின்று, “முதலில் இந்த இடம் சொல்வதைக் கேளுங்கள்” என்றார். பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு பையன் மீன் விற்கிற அம்மாவின் குரலை ஒலிப்பதிவு செய்தான். ஒரு பெண் மின்கம்பிகளின் நிழலை நாள் முழுக்க வரைந்தாள். ஆடு ஒன்று அவள் தாளில் பாதியைத் தின்றுவிட்டது. அதையும் அவள் ஆய்வில் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் கடற்கரையோரம் பழைய பிரெஞ்சுத் தெருக்கள் இருக்கிற ஒயிட் டவுனுக்குப் போனார்கள். மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ, நீலப் பலகையில் தெருப்பெயர். திரும்பி வந்து வரைய உட்கார்ந்ததும் நெல்லித்தோப்புக் காலி மனையில் வரிசையாக மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக்களும் முளைத்தன. தங்கள் முப்பாட்டன்கள் கட்டிய தெருவைப் பார்த்துவிட்டு, அதுதான் எங்கள் சுற்றுப்புறம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நெல்லித்தோப்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்த வீடு ஒன்றே ஒன்று உண்டு. அதுவும் பெயிண்ட் கடையில் மிச்சமானதை மலிவாகக் கொடுத்ததால் அடித்தது.

புதுச்சேரிக் கல்லூரி மாணவர்களும் கூட இருந்தார்கள். நிலோஃபருக்கு ஜோடியாகப் போட்ட பெண் அனிதா, கருவடிக்குப்பத்துக்காரி. ஸ்கூட்டியில் நிலோஃபரைப் பின்னால் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றுவாள்.

“எங்க சாருங்களும் இதேதான் அங்கிள் சொல்றாங்க. கட்டடம் காத்தோட பேசணும், வெளிச்சத்தோட பேசணும்னு. சொல்றதெல்லாம் ஜன்னலே தொறக்க முடியாத ஏசி ரூம்ல ஒக்காந்து” என்றாள் என்னிடம்.

4

ஒருநாள் காலை. தெருவில் உள்ள எல்லா வீடுகளையும் புகைப்படம் எடுத்து, டேப்பும் கருவியும் வைத்து அளந்து, வரைபடமாக்க வேண்டும். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்பது அனிதாவின் வேலை. அன்று அளவுக் கருவியில் பேட்டரி தீர்ந்துபோக, அதை வாங்க அனிதா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். காத்திருப்பானேன் என்று நிலோஃபர் தானே கோவிந்தராஜு வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே நடந்ததைப் பின்னால் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

“வணக்கம் அங்கிள். உங்க வீட்ட எடுத்துக்கலாமா?”

படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தாள். படம் என்ற ஒரு சொல் விழுந்துவிட்டது.

கோவிந்தராஜு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “எதை எடுக்கணும்?”

“வீடு. இந்தத் தெரு முழுசா எடுக்கறோம்.”

“யாரு எடுக்கறா?”

“நாங்க. பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்கோம். எடுத்துட்டு பிரான்ஸுக்குக் கொண்டு போவோம்.”

“எப்ப எடுப்பீங்க?”

“இப்பவே எடுக்கலாம். இல்லன்னா நாளைக்குக் காலையில. காலையிலதான் வெளிச்சம் நல்லா இருக்கும்.”

கோவிந்தராஜு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து என் மகள் இரக்கப்பட்டு, அவர் மனசு நோகாமல் இருக்கட்டும் என்று ஒரு சலுகையும் கொடுத்தாள்.

“வீடு வேணாம்னா பரவால்ல அங்கிள். செவுரு மட்டும் குடுங்க, போதும்.”

5

மதியச் சாப்பாட்டுக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பிரெஞ்சு அரசாங்கம் நெல்லித்தோப்பைத் திரும்ப எடுக்கப் போகிறது. நம் கவர்மெண்டோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார்கள். பாய் வீட்டுப் பெண்தான் முன்னால் வந்து அளக்கிறாள்.

சாயங்காலம் தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சி, உயிரே போனாலும் ஒரு செங்கல் தர மாட்டோம் என்றது. இன்னொரு கட்சி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது.

“தம்பி, வூட்ட எடுத்துக்கினு நேஷனாலிட்டி குடுப்பாங்களா?”

“எந்த வீட்டையும் எடுக்கலைங்க.”

“எல்லாருக்கும் குடுக்கலன்னாலும் பரவால்ல. பெரிய பையனுக்கு மட்டும் குடுத்தா போதும்.”

கோவிந்தராஜு மனு எழுத உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் கை இதற்காகத்தான் காத்திருந்தது போலும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, எதிரி யாரோ அவன் மொழியிலும் இருக்கட்டும் என்று பிரெஞ்சில் ஒன்று. தெருவே கையெழுத்துப் போட்டது. பாதிப் பேர் எதிர்ப்பு என்று போட்டார்கள். மீதிப் பேர் அது நேஷனாலிட்டி விண்ணப்பம் என்று நினைத்துப் போட்டார்கள்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். உள்ளே போனேன். அக்கா அடுக்களையில் அழுதுகொண்டிருந்தாள். கோவிந்தராஜு வீட்டிலிருந்து எங்கள் மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாவியை மட்டும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம் சரோஜா.

“போகட்டும் விடுக்கா, நாளைக்கே சரியாயிடும்” என்றேன்.

“ஒனக்கென்ன, நீ ரெண்டு வாரத்துல பிளைட்டு ஏறிடுவ” என்றாள். “போன மழையில எனக்கு மாரு அடைச்சப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனது யாரு? நீயா? பாரீஸ்லேர்ந்து வந்தியா? அந்த மனுசன்தான் ஆட்டோ புடிச்சாரு. அந்தம்மாதான் ராத்திரி பகலா கூட இருந்துச்சு. நீ போன்ல அல்லாகிட்ட துஆ கேக்குறேன்னு சொன்ன.”

திரும்பினேன். அடுக்களை வாசலில் நிலோஃபர் நின்றிருந்தாள். அக்காவின் தமிழ் முழுதும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் மேடைமேல் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மாமி, நான் என்ன சொன்னேன்? எந்த வார்த்தை தப்பு?” என்று அக்காவிடம் கேட்டாள்.

பின்னாலேயே வந்து நின்ற அனிதா, ‘படம்’ என்ற சொல் விட்டுப்போனதை எடுத்துச் சொன்னாள். நிலோஃபரின் முகம் வெளிறிப் போயிற்று. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

6

மறுநாள் காலி மனையில், படிப்பகம் பற்றி ஊராரிடம் கேட்க மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்த கூட்டம். வந்த ஜனத்தைப் பார்த்து மரியானுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“என்ன ஒரு பங்கேற்பு! எங்கள் ஊரில் கூட்டம் போட்டால் ஓய்வு பெற்றவர் ஒருவர் வருவார், அவரும் தூங்குவார். இவர்களைப் பாருங்கள்!”

கோவிந்தராஜு மனுவோடு முன்னால் வந்தார். நான் மொழிபெயர்ப்பாளன்.

“இந்தம்மா யாரு, இவங்களுக்கு இங்க என்ன ஜோலின்னு கேளுங்க.”

நான் பிரெஞ்சில், “உங்கள் பணியைப் பற்றி மேலும் அறிய ஆவலாக இருக்கிறார்” என்றேன்.

மரியான் மலர்ந்து போய், “இந்தத் தெருவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருக்கிற எல்லையைக் கரைக்க வந்திருக்கிறோம்” என்றார்.

எல்லையைக் கரைக்க வந்திருக்கிறார்கள் என்று நான் தமிழில் சொன்னால் என் உடம்பு பாரிஸுக்கு முழுசாகப் போய்ச் சேராது. “பசங்க படிக்க வந்திருக்காங்களாம்” என்றேன்.

“அம்மாம் நீட்டு பேசுனாங்க, நீங்க இம்மாந்தான் சொல்றீங்க?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்போது நிலோஃபர் எழுந்தாள். நான் தடுப்பதற்குள் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

“எல்லாரும் என்னை மன்னிச்சுக்குங்க. நான் தப்பு தமிழ் பேசினேன். வீடு எடுக்கறது இல்ல. படம். வீட்டோட படம் எடுக்கறது. நாங்க ஸ்டூடன்ட்ஸ். நாங்க பேப்பர்ல கட்டுவோம். எங்களுக்கு மார்க் குடுப்பாங்க. அப்புறம் அந்தப் பேப்பர குப்பைல போடுவாங்க. நிஜமா எதுவும் கட்ட மாட்டாங்க.”

ஒரு கட்டடக் கலைப் பள்ளி என்ன செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் சிரித்தது. நேஷனாலிட்டிக் கட்சி மட்டும் சிரிக்காமல் கலைந்து போயிற்று.

கோவிந்தராஜுவும் சிரிக்கவில்லை.

“படத்துக்கு எதுக்குமா டேப்பு?” என்றார். “இதே மாதிரிதான் ஒரு தபா வந்து அளந்தாங்க. சும்மா பாக்கறோம்னாங்க. அப்புறம் வாய்க்கா அகலம் பண்றோம்னு முன் ரூம்ப அப்படியே வெட்டிட்டாங்க. அங்கதான் எம் பொஞ்சாதி மிஷினு போட்டுத் தச்சிக்கினு இருந்துச்சு. எங்கூர்ல டேப்பு வந்தா பின்னாடியே ஜேசிபி வரும். ஒனக்குத் தெரியாது, நீ சின்னப்பொண்ணு.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. மரியானும் கேட்கவில்லை. முதல் முறையாக அவர் முகத்திலிருந்து உற்சாகம் இறங்கியிருந்தது.

பின்வரிசையிலிருந்து சரோஜா எழுந்து வந்தார். சன்னமான உடம்பு, கழுத்தில் அளவு நாடா. நேராக நிலோஃபரிடம் வந்தார்.

“வா, வந்து எங்க வூட்ட உள்ள பாரு. தெருவுல நின்னு பாத்தா என்னா தெரியும்?”

7

அன்றிலிருந்து என் மகள் சரோஜா வீட்டிலேயே கிடந்தாள். மற்றவர்கள் மனையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் பின் அறையில் தையல் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். முன் அறை போன பிறகு மிஷின் அந்தப் பின் அறைக்கு வந்துவிட்டது. அங்கே ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில் டியூப்லைட். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. ஆனால் அந்தச் சுவரோரம்தான் தெரு ஆண்கள் அத்தனை பேரும் ஒதுங்குவார்கள். ஜன்னல் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன பேசினார்களோ தெரியாது. இவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம், அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பூஜ்யம். ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது சரோஜா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார், நிலோஃபர் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு தட்டை எடுத்துக் கழுவாத பெண்!

“அத்தை, உங்களை, நீங்க தைக்கும்போது, நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

“இந்த நைட்டியோடயா? இரு” என்று சரோஜா போய் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சரோஜா அக்கா வீட்டுக்கு வந்தார். நேராகப் போய் மாற்றுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அக்கா டீ போட உள்ளே போனாள். அவள் உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

8

கோடைக்கு முன் பாரிஸில், மாணவர்கள் தங்கள் வேலையை நடுவர் குழுவுக்குக் காட்டுகிற நாள். பெற்றோரும் பார்க்கலாம் என்றார்கள். நானும் என் மனைவியும் நல்ல உடை உடுத்திக்கொண்டு போனோம். நடுவர்கள் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. யாராவது இறந்துவிட்டார்களா என்று என் மனைவி கேட்டாள்.

மற்ற பிள்ளைகளின் படிப்பகங்கள் பிரமாதமாக இருந்தன. ஒன்று படகு போல, ஒன்று அலை போல, பல மஞ்சளாக. நிலோஃபர் செய்த மாதிரி வடிவத்தில் கட்டடத்தையே தேட வேண்டியிருந்தது. மனையின் ஒரு ஓரத்தில் தாழ்வான ஒரு ஓட்டுக் கூரை, நாலு பெஞ்சு. சரோஜா வீட்டின் பின்சுவர் ஓரமாக, யாரும் ஒதுங்க முடியாதபடி, படிக்கிறவர்கள் நடந்து போகிற ஒரு பாதை. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்.

“உங்கள் கட்டடம் எங்கே?” என்று ஒரு நடுவர் கேட்டார்.

“இந்த ஜன்னலை மறைக்கக் கூடாதுன்னு தள்ளி வச்சிருக்கேன்.”

“இந்த ஜன்னல் உங்கள் மனைக்கு வெளியே இருக்கிறது. அடுத்தவர் வீடு.”

“ஆமாம். சுற்றுப்புறத்தோட இணைக்கணும்னு சொன்னீங்க. அங்க ஆள் இருக்காங்க.”

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொருவர், வருத்தமாக, “சுற்றுப்புறம் உங்களை விழுங்கிவிட்டது, மத்மொஸேல்” என்றார். மரியான் மட்டும் என் மகளுக்காக வாதாடினார், நன்றாகவே வாதாடினார். கடைசியில் பாஸ் மார்க் கொடுத்து அனுப்பினார்கள். முதல் பரிசு காகிதப்பூவுக்குப் போயிற்று. ரயிலில் திரும்பும்போது நிலோஃபர் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்ன வயதில் சாய்ந்ததற்கு அப்புறம் இப்போதுதான். தூங்கிப்போனவளை எழுப்ப மனமில்லாமல் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிக் கடைசி ஊர் வரை போய்த் திரும்பினோம்.

9

அவள் வரைந்ததில் ஒரு பிரதியை அனிதா சரோஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோவிந்தராஜு அதை வாங்கிப் பார்த்தாராம். மறுநாள் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குக் கிளம்பினார். அரசு மனையைப் பார்த்து ஜன்னல் வைக்க அனுமதி வேண்டுமே.

அங்கே இவரை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். வரைந்தது லைசென்ஸ் உள்ள ஆளா என்று கேட்டார்கள். மாணவி என்றார். அப்படியானால் செல்லாது என்றார்கள். ஒருவர், “ஜன்னல் வழியா எதைப் பாப்பீங்க? அதை எழுதிக் குடுங்க” என்றாராம். போனில் எனக்கு இதைச் சொல்லும்போது கோவிந்தராஜுவே சிரித்தார்.

“என் சர்வீஸ்ல எத்தினி பேர இப்புடி அலையவுட்டேனோ, எல்லாம் சேந்து திரும்பிச்சு தம்பி.”

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைப் பெயர்த்து ஜன்னலை வைத்துவிட்டார். மனையில் படிப்பகம் எதுவும் வரவில்லை, வரப்போவதுமில்லை. அக்காவும் சரோஜாவும் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு குப்பையை அள்ளி, சுவரோரம் செம்பருத்தியும் முள்ளுச்செடியும் வைத்துவிட்டார்கள். ஒதுங்க வருகிறவன் யாராக இருந்தாலும் அக்கா மாடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். “என்னா சேகரு, சௌக்கியமா?” அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வருவதில்லை.

வீடியோவில் ஜன்னலைக் காட்டினார்கள். நிலோஃபர் கத்தினாள்.

“இது என் ஜன்னல் இல்ல!”

அலுமினியச் சட்டம், கத்தரிப்பூ நிறக் கம்பி, கொசுவலை, மேலே ஒரு தகரச் சாய்ப்பு. அவள் வரைந்ததில் மரச்சட்டமும் வெறும் வெளிச்சமும்தான் இருந்தன.

“ஒன் ஜன்னல்ல கொசு வரும்மா” என்றார் சரோஜா. “ஆனா ஒசரம் நீ சொன்ன ஒசரந்தான். இவரு மேல வைக்கலாம்னாரு. ஒக்காந்தா வெளிய தெரியணும்னு பொண்ணு சொல்லியிருக்கு, மாத்தாதீங்கன்னு நாந்தான் சண்ட போட்டேன்.”

சரோஜா மிஷினில் உட்கார்ந்து பேசிக்கொண்டே தைத்தார். டியூப்லைட் அணைந்திருந்தது. வெயில் அவர் கையில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள் என் மகள்.

10

படிப்பின் கடைசி வருஷத்தில் பயிற்சிக்காக ஒரு பெரிய கட்டட நிறுவனத்தில் சேர வேண்டும். நிலோஃபரை எடுத்துக்கொண்டார்கள். என்ன வேலை தெரியுமா? கட்டப்போகிற கட்டடத்தின் படத்தைச் சுற்றிலும் கணினியில் மரங்களையும் மனிதர்களையும் ஒட்டுகிற வேலை. ஒட்டுவதற்கென்றே மனிதர்கள் தயாராக இருப்பார்களாம். காபிக் கோப்பையோடு ஒருத்தி, சைக்கிளோடு ஒருவன், பலூனோடு ஒரு குழந்தை. எந்த நாட்டில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் அதே ஆட்கள்தான் முன்னால் நடப்பார்கள்.

“அந்தத் தெருவுல நிஜமா யாரு இருக்காங்கன்னு கேட்டேன் பப்பா. அது நமக்குத் தேவையில்லைன்னாங்க” என்றாள்.

அன்று அவள் ஒட்ட வேண்டியிருந்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம், முழுக்கக் கண்ணாடி. அதன் கீழ்த்தளத்தில், மூலையில், சரோஜாவை ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவரைக் கேட்டுத்தான் செய்தாளாம். நல்ல புடவையோடு, மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிற படம். நிறுவனத்தில் யாரும் கவனிக்கவில்லை. வாடிக்கையாளர்களும் கவனிக்கவில்லை. படத்துக்கு ஒப்புதல் கிடைத்து, பேருந்து அளவுக்குப் பெரிதாக்கி, கட்டுமான வேலி முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

போன ஞாயிறு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கிட்டப் போய்த் தேடினால்தான் தெரியும். கோட்டும் சூட்டுமாகப் போகிற வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், கண்ணாடிக்குப் பின்னால், நெல்லித்தோப்பு சரோஜா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது சாயங்காலம். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. மிஷின் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல்.

“நல்லா இருக்கு தம்பி. பொண்ணுகிட்ட சொல்லுங்க. சுத்தி நிக்கிறாங்களே, இத்தினி வெள்ளக்காரங்க, இவங்கள்லாம் யாரு? துணி தைக்கக் குடுக்க வந்தவங்களா? வரிசையா வரச் சொல்லுங்க.”